வீட்டுக்குள் தண்ணீர் ஏறிவிட்டதா? கார்ப்பெட்டையும் பலகைத் தரையையும் மீட்கும் முழு வழிகாட்டி

ஈரமான கார்ப்பெட், ஊறிய பலகைத் தரை பற்றித் தேடினால் கிடைக்கும் ஆலோசனைகளில் பெரும்பாலானவை குளிர்நாட்டு வீடுகளுக்கு எழுதப்பட்டவை. சன்னலைத் திற, ஃபேனைப் போடு, நாலைந்து நாளில் சரியாகிவிடும் என்பார்கள். திருகோணமலையில் வீட்டுக்குள் தண்ணீர் வருவதே பெரும்பாலும் மாரியில்தான், ஒக்டோபர் கடைசியிலிருந்து ஜனவரி வரைக்கும். அந்த நாட்களில் வெளிக்காற்றே நனைந்து கிடக்கும்போது சன்னலைத் திறந்து வைத்தால் உள்ளே இருக்கும் ஈரம் போகாது, வெளியில் இருப்பதும் சேர்ந்து உள்ளே வரும். அதனால் இங்கே என்ன செய்ய வேண்டும், எந்த வரிசையில் செய்ய வேண்டும், முக்கியமாக எதற்குக் காத்திருக்க வேண்டும் என்பதை நம் ஊர்க் காற்றுக்கு ஏற்றபடி எழுதுகிறேன்.

இங்கே பல வீடுகள் சீமெந்து அல்லது டைல்ஸ் தரைதான், அவற்றைக் கழுவி விட்டால் முடிந்தது. இது பழைய மாடி வீடுகளில் மேலே பலகைத் தரை வைத்திருப்பவர்களுக்கும், புதிதாகக் கட்டிய வீட்டில் லேமினேட் போட்டவர்களுக்கும், உப்புவெளி நிலாவெளிப் பக்கம் மர அறைகள் நடத்துபவர்களுக்கும், ஹோலில் நல்ல கார்ப்பெட் விரித்திருப்பவர்களுக்கும்.

முதலில் கரண்ட்

தண்ணீர் நிற்கும் அறைக்குள் கால் வைக்க முன் மெயின் சுவிட்ச்சை நிறுத்துங்கள். ட்ரிப் சுவிட்ச் இருக்கிறது, அது பார்த்துக்கொள்ளும் என்று நம்ப வேண்டாம். மெயின் போர்டுக்குப் போகவே தண்ணீரில் நிற்க வேண்டும் என்றாலோ, போர்டே நனைந்திருந்தாலோ, தொடாமல் வெளியே வந்து மின்சார சபையின் 1987 இலக்கத்துக்குச் சொல்லுங்கள். பிளக் பொயிண்ட் வரைக்கும் தண்ணீர் ஏறியிருந்தால் எலக்ட்ரீஷியன் பார்க்கும் வரை அந்த லைனைத் திரும்பப் போட வேண்டாம்.

வெள்ளத் தண்ணீராக இருந்தால் ரப்பர் பூட்ஸும் கையுறையும் போடாமல் இறங்காதீர்கள். எலிக்காய்ச்சல் காலில் உள்ள சின்னக் கீறல் வழியாகவே வரும். வெள்ளத்தோடு வந்த பாம்பு ஒதுங்க நல்ல இடம் சுருண்டு கிடக்கும் கார்ப்பெட்தான், அதனால் எதையும் கையால் தூக்க முன் தடியால் புரட்டிப் பாருங்கள்.

இன்ஷூரன்ஸ் இருந்தால் எதையும் நகர்த்த முன் போட்டோ எடுங்கள். தண்ணீர் எந்த உயரம் வரை நின்றது என்பது சுவரில் தெரியும், அந்தக் கோட்டையும் சேர்த்து எடுங்கள். பிறகு சுவரைக் கழுவினால் அந்தச் சாட்சி போய்விடும்.

எந்தத் தண்ணீர் என்று பாருங்கள்

எதைக் காப்பாற்றலாம், எதை வீசலாம் என்பதைத் தீர்மானிப்பது தண்ணீரின் அளவைவிட அதன் வகை.

மேலே உள்ள தண்ணீர்த் தாங்கி நிரம்பி வழிந்தது, பைப் வெடித்தது என்றால் அது நல்ல தண்ணீர், பெரும்பாலானவற்றைக் காப்பாற்றலாம். ஆனால் இரண்டு நாள் அப்படியே கிடந்தால் நல்ல தண்ணீரும் கெட்ட தண்ணீர்தான். வாஷிங் மெஷின், குசினித் தண்ணீர், கூரை வழியாக இறங்கிய மழை இவையெல்லாம் நடுத்தரம். கூரைத் தண்ணீரைச் சுத்தமானது என்று பலர் நினைக்கிறார்கள், ஆனால் அது காகத்தின் எச்சத்தையும் பல வருட அழுக்கையும் கழுவிக்கொண்டுதான் உள்ளே வருகிறது. 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவிப் புயல் கரை ஏறியதே நமக்கு வடக்கே, கிட்டத்தில்தான். அப்படிப்பட்ட காற்றில் மழை ஓட்டுக்கு அடியாலும் ஏறும்.

மூன்றாவது வகை வெள்ளம். மலைநாட்டில் பெய்தது மகாவலி வழியாக இறங்கி மூதூர், கிண்ணியா, வெருகல் பக்கம் ஏறும்போது நம் முற்றத்தில் ஒரு துளி மழைகூட இல்லாமல் இருக்கலாம். அந்தத் தண்ணீரில் வயல் மருந்து, செத்த பிராணிகள், நிரம்பி வழிந்த மலக்குழி எல்லாம் கலந்திருக்கும். இந்தத் தண்ணீரில் ஊறிய கார்ப்பெட்டைப் பற்றி எனக்கு இரண்டு எண்ணம் இல்லை: வீசிவிடுங்கள். தவழும் பிள்ளை இருக்கும் வீடு என்றால் யோசிக்கவே வேண்டாம். பரம்பரையாக வந்த கம்பளிக் கார்ப்பெட் என்றால் மட்டும், கார்ப்பெட் கழுவுவதையே தொழிலாகச் செய்பவர்களிடம் கொடுத்துப் பார்க்கலாம். வீசுவதைச் சபை வண்டிக்குக் கொடுங்கள், கொளுத்த வேண்டாம், செயற்கை நூல் எரியும் புகை நஞ்சு.

இனி கடல் தண்ணீர். கரையோர வீடுகளுக்கு இது தனிப் பிரச்சினை, இதைப் பற்றிப் பெரும்பாலான வழிகாட்டிகளில் ஒரு வரிகூட இருக்காது. கடல் தண்ணீரில் நனைந்ததை அப்படியே காயவைத்தால் தண்ணீர் மட்டும்தான் போகும், உப்பு நூலிலும் மரத்திலும் தங்கிவிடும். காற்றில் ஈரப்பதன் 75 வீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே காற்றிலிருந்து தண்ணீரை இழுக்கும், மாரியில் குசினி உப்புப் போத்தல் கசிவதைப் பார்த்திருப்பீர்கள். வெயிலடித்த ஒரு பகலில் மொறுமொறுவென்று காய்ந்த கார்ப்பெட் அன்று இரவே திரும்பவும் பிசுபிசுக்கும். ஆகவே கடல் தண்ணீர் என்றால் காயவைக்க முன் நல்ல தண்ணீரால் நன்றாக அலச வேண்டும், அலசிய தண்ணீரை நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தால் கரிப்பு இருக்கக்கூடாது என்கிற அளவுக்கு. (உண்மையிலேயே நக்கிப் பார்க்காதீர்கள், நாலைந்து முறை தண்ணீர் மாற்றினால் போதும்.) கிணற்றுக்குள்ளும் வெள்ளமோ கடலோ இறங்கியிருந்தால் அந்தக் கிணற்றுத் தண்ணீர் அலசுவதற்கு ஆகாது.

முதல் நாள்: தண்ணீரை வெளியேற்றுவது

ஃபேனுக்கும் வெயிலுக்கும் முன்னால் தேங்கி நிற்கும் தண்ணீரை எடுக்க வேண்டும். வாளி, தும்புத்தடி, வைப்பர், எது கிடைத்தாலும் சரி. ஈரமும் உறிஞ்சக்கூடிய வக்யூம் ஒன்றை வாடகைக்கு எடுக்க முடிந்தால் அந்தக் காசு வீண் போகாது. சாதாரண வீட்டு வக்யூமைத் தண்ணீரில் வைத்தால் மெஷினும் போகும், கரண்டும் அடிக்கும். உறிஞ்சும்போது அவசரப்படாமல் அங்குலம் அங்குலமாக இழுங்கள். ஒரு முறை இழுத்து முடிந்தது என்று விடாமல், குழாயில் தண்ணீர் ஏறுவது நிற்கும் வரைக்கும் அதே இடத்தில் திரும்பத் திரும்ப.

கதிரை, மேசை, அலுமாரி எல்லாவற்றையும் கார்ப்பெட்டிலிருந்து தூக்குங்கள். தூக்க முடியாத அலுமாரியின் கால்களுக்கு அடியில் பொலித்தீன் மடித்து வையுங்கள், இல்லாவிட்டால் மரக்காலின் சாயமும் ஆணித் துருவும் கார்ப்பெட்டில் இறங்கி, பிறகு எதற்கும் அசையாத கறையாகிவிடும்.

மாடியில் தண்ணீர் நின்றிருந்தால் கீழ் அறையின் சீலிங்கை அண்ணாந்து பாருங்கள். எங்காவது வயிறு தள்ளியிருந்தால் அதற்குள் தண்ணீர் தேங்கியிருக்கிறது. கரண்ட் நிறுத்தியிருப்பதை உறுதி செய்துவிட்டு, கீழே வாளி வைத்து, பக்கவாட்டில் நின்று ஒரு நீள ஆணியால் துளை போட்டு வடியவிடுங்கள். சும்மா விட்டால் சீலிங் முழுசாகத் தலையில் வரும்.

கார்ப்பெட்டை மீட்பது

மேலே கை வைத்துப் பார்த்துக் காய்ந்துவிட்டது என்று முடிவு செய்யாதீர்கள். ஒரு மூலையைப் புரட்டிப் பாருங்கள். மேல்நூல் உலர்ந்திருக்கும், அடித்துணி குளிர்ந்து கனமாக இருக்கும், அதற்கும் கீழே உள்ள ஸ்பொஞ்சை விரலால் அழுத்தினால் தண்ணீர் பொங்கி வரும். பூஞ்சணம் பிடிக்க இந்த வெக்கையில் ஒன்றிரண்டு நாள் போதும், அது தொடங்குவதும் கண்ணுக்குத் தெரியாத அந்த அடிப்பக்கத்தில்தான்.

அடி ஸ்பொஞ்சைக் காப்பாற்ற முயல வேண்டாம். விலை குறைந்த சாமான், காய்வதற்கு அதிக நாள் எடுக்கும், நாற்றமும் விடாது.

ஊறிய கார்ப்பெட் பயங்கரக் கனம். இரண்டு மூலையைப் பிடித்து இழுத்தால் அடித்துணியை ஒட்டியிருக்கும் பசை ஊறியிருப்பதால் பிய்ந்துவிடும். முடிந்தளவு தண்ணீரை உறிஞ்சிவிட்டு, பாய் சுற்றுவது மாதிரி சுருட்டி, மூன்று நான்கு பேராகத் தூக்குங்கள். மடிக்கவே கூடாது, மடித்த இடத்தில் பசை உடைந்து நிரந்தரக் கோடு விழும்.

வெளியே சரிவான சீமெந்துத் தரையில் விரித்து, முதலில் அடிப்பக்கத்தை மேலே பார்க்கப் போட்டு ஹோஸால் அடியுங்கள், மண் வந்த வழியே திரும்பிப் போகும். பிறகு திருப்பிப் போட்டு வாளித் தண்ணீரில் மிகக் கொஞ்சம் ஷாம்பூ அல்லது மென்மையான சலவைத்திரவம் கலந்து, மெல்லிய பிரஷால் நூல் சாயும் பக்கமாகத் தேயுங்கள். சவர்க்காரம் கூடினால் நன்றாகச் சுத்தமாகும் என்று அள்ளிப் போட்டால் அது உள்ளே தங்கி, பிறகு வரும் தூசியையெல்லாம் பிடித்து வைத்துக்கொள்ளும். வடியும் தண்ணீர் தெளியும் வரை அலசுங்கள்.

சாயம் போகுமா என்பதை முன்கூட்டியே பார்க்க, ஈரமான வெள்ளைத் துணியை ஒரு மூலையில் ஐந்து நிமிடம் அழுத்தி வையுங்கள். துணியில் நிறம் ஏறினால் நனைந்து கிடக்கும் நேரத்தைக் குறைக்க வேண்டும், சுருட்டி வைக்கவே கூடாது. கம்பளி, பட்டு நூலில் பிளீச் படவே கூடாது, குளோரின் கம்பளி நூலையே தின்றுவிடும். சணல் அடித்துணி உள்ளவை காயும்போது மேலே மண்ணிறக் கறை ஏறுவது வழக்கம். அலசி முடிந்து, கடைசித் தண்ணீரில் கொஞ்சம் வெள்ளை வினாகிரி சேர்த்தால் அது குறையும்.

காயவைக்கும்போது ஒற்றைக் கயிற்றில் போட்டால் கனம் ஒரே கோட்டில் விழுந்து உருவம் கெட்டுவிடும். இரண்டு மூன்று குழாய்க் கம்பிகளை இடைவெளி விட்டு வைத்து அவற்றின் மேல் பரப்புங்கள், கீழாலும் காற்றுப் போகும். வெயில் நல்லதுதான், ஆனால் நிறம் வெளிறாமல் இருக்க அடிப்பக்கம் வெயிலைப் பார்க்கட்டும். முழுதாகக் காய்ந்த பிறகும் மெல்லிய வாடை இருந்தால் அப்பச்சோடா தூவி ஒரு இரவு வைத்து வக்யூம் பிடியுங்கள். ஈரத்தில் தூவினால் களிதான் மிஞ்சும்.

கார்ப்பெட் வெளியே காயும் நேரத்தில் அதற்குக் கீழிருந்த தரையை மறக்காதீர்கள். சவர்க்காரத் தண்ணீரால் கழுவி, பிறகு நான்கு லீற்றர் தண்ணீருக்கு ஒரு கப்புக்கு மேல் போகாமல் பிளீச் கலந்து துடையுங்கள், அந்த நேரம் மட்டும் சன்னல்கள் திறந்திருக்கட்டும். பிளீச்சோடு வினாகிரியையோ, கழிப்பறை கழுவும் அமிலத்தையோ, அமோனியா உள்ள எதையுமோ சேர்க்கவே கூடாது, வரும் வாயு நெஞ்சை அடைக்கும். சீமெந்து வெளியே காய்ந்த மாதிரி இருந்தும் உள்ளே ஈரம் வைத்திருக்கும். இரண்டு அடிச் சதுரப் பொலித்தீனை நாலு பக்கமும் டேப் அடித்து ஒரு நாள் விட்டுப் பாருங்கள். அடியில் துளி கோத்திருந்தாலோ சீமெந்து கறுத்திருந்தாலோ இன்னும் கார்ப்பெட் விரிக்கும் நேரம் வரவில்லை.

பலகைத் தரை

லேமினேட் என்றால் சுருக்கமாக முடித்துவிடலாம். அது அழுத்திய மரத்தூள், ஊறி ஓரம் உப்பினால் காய்ந்த பிறகும் பழைய நிலைக்கு வராது, கழற்றி வீச வேண்டியதுதான். பல அடுக்கு ஒட்டிய பலகையில் ஒட்டு விட்டிருக்கிறதா என்று ஓரத்தில் பாருங்கள், விட்டிருந்தால் அதுவும் அவ்வளவுதான். முதிரை, தேக்கு மாதிரி முழு மரம் என்றால் பெரும்பாலும் காப்பாற்றலாம், நீங்கள் அவசரப்படாவிட்டால்.

காலையில் வெயில் சாய்ந்து விழும்போது தரையோடு தலையை வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு பலகையும் இரண்டு ஓரத்தில் எழும்பி நடுவில் குழிந்திருக்கும். உள்ளங்கையைக் குறுக்கே இழுத்தால் ஓரம் ஓரமாகத் தட்டும். காரணம், பலகையின் மேல்முகம் காய்ந்துவிட்டது, அடிமுகம் இன்னும் ஊறி விரிந்து நிற்கிறது. இந்தக் கட்டத்தில்தான் யாராவது வந்து, “அண்ணன், இப்பவே மெஷின் பிடிச்சு மட்டமாக்கித் தாறன், நாளைக்கே பொலிஷ் அடிக்கலாம்” என்பார். தேநீர் கொடுத்து அன்பாக அனுப்பிவிடுங்கள். எழும்பிய ஓரத்தை இன்று சீவினால், அடி காய்ந்து பலகை தன் பழைய வடிவத்துக்கு வரும்போது சீவிய ஓரம் தாழ்ந்து நடு கூன் போட்டு நிற்கும். அதை மட்டமாக்க இன்னொரு முறை சீவ வேண்டும், பலகையின் பாதித் தடிப்பு தூளாகப் போய்விடும்.

செய்ய வேண்டியது அடிக்குக் காற்று விடுவது. சுவரோரப் பலகைச் சட்டங்களைக் கழற்றுங்கள். மரம் விரிந்து சுவரை முட்டிக்கொண்டிருந்தால் ஓரப் பலகை ஒன்றை எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் நடுவில் கூடாரம் மாதிரி கிளம்பும். பிறகு அறையில் அங்கங்கே ஒவ்வொரு பலகையாகக் கழற்றி வழி திறவுங்கள். கழற்றும் ஒவ்வொன்றின் அடியிலும் சோக்கட்டியால் இலக்கம் எழுதி, தரையிலும் அதே இலக்கத்தை எழுதிவையுங்கள், எந்தப் பலகை எங்கே என்று பிறகு தேடி மண்டை காய வேண்டாம். மாடியாக இருந்தால் கீழ் அறையின் சீலிங்கில் ஒன்றிரண்டு ஷீட்டைக் கழற்றினால் பலகையைத் தாங்கும் தீராந்தியும் சேர்ந்து காயும். தீராந்தியை ஸ்குரூடிரைவரால் குத்திப் பாருங்கள், உளுத்த மாதிரி உள்ளே இறங்கினால் தரையை விட்டுவிட்டு முதலில் ஓடாவியாரைக் கூப்பிடுங்கள்.

கழற்றிய பலகைகளை வெயிலில் போடுவது மரத்துக்குச் செய்யும் அநியாயம். ஒரு முகம் வேகமாகச் சுருங்கி முறுக்கிக்கொள்ளும், நுனி வெடிக்கும். மரக்காலையில் அடுக்குவதுபோல நிழலில், ஒவ்வொரு அடுக்குக்கும் இடையில் ஒரே தடிப்புள்ள சட்டங்களை ஒன்றரை அடிக்கு ஒன்றாக வைத்து அடுக்கி, மேலே கனம் ஏற்றுங்கள். கடல் தண்ணீர் பட்டதை அடுக்க முன் ஈரத்துணியால் பல தடவை துடையுங்கள், துணியை அலசும் தண்ணீரையும் மாற்றிக்கொண்டே.

பூஞ்சணம் தெரிந்தால் முகக்கவசம் போட்டு, சவர்க்காரத் தண்ணீரில் பிழிந்த துணியால் துடையுங்கள். காய்ந்த பிரஷால் தட்டினால் அதன் தூள் வீடெல்லாம் பரவும். மரத்துக்குப் பிளீச் அடிக்கச் சொல்வார்கள், வேண்டாம். குளோரின் மேலோடு நின்றுவிடும், கூட வந்த தண்ணீர் மட்டும் மரத்துக்குள் இறங்கும்.

மாரிக் காற்றில் உலர்த்துவது

மழை நாளில் சன்னலைச் சாத்திவிட்டு ஏசியை டிரை மோடில் போடுங்கள். வெளியே தொங்கும் குழாயால் சொட்டும் ஒவ்வொரு துளியும் உங்கள் அறைக்குள்ளிருந்து போகும் ஈரம்தான், ஒரு வாளியை வைத்தால் எவ்வளவு என்று கண்ணாலேயே பார்க்கலாம். ஈரம் உறிஞ்சும் மெஷின் வாடகைக்குக் கிடைத்தால் இன்னும் நல்லது. ஃபேன் தரையை ஒட்டிக் காற்றை ஓட்டும்படி பக்கவாட்டில் இருக்கட்டும், கழற்றிய இடைவெளிகளுக்குள் காற்றுப் புக வேண்டும். மழை விட்டு வெயில் எறிக்கும் பகலில் ஏசியை நிறுத்தி எல்லாக் கதவையும் திறவுங்கள், பின்னேரம் சாத்திவிடுங்கள். ஹீட்டர், ஹெயார் டிரையர், ஹலஜன் லைட் எதையும் மரத்துக்குப் பிடிக்காதீர்கள்.

எப்போது காய்ந்தது என்று தெரிந்துகொள்ள ஊசி வைத்த ஈரமானி இருந்தால் சுலபம். ஆனால் மேலைநாட்டுக் குறிப்புகளில் வரும் 6 முதல் 9 வீதம் என்ற கணக்கை இங்கே எதிர்பார்த்தால் பேரப்பிள்ளைகள் வரும் வரைக்கும் காத்திருக்க வேண்டியதுதான். 80 வீத ஈரப்பதன் உள்ள காற்றில் நம் மரம் 15, 16 வீதத்தில்தான் நிலைக்கு வரும். அதே வீட்டில் நனையாத அறையின் பலகையையோ கதவு நிலையையோ அளந்து, அந்த எண்ணுக்கு 2 வீதம் அருகில் வந்தால் காய்ந்ததாக எடுங்கள். 20 வீதத்துக்கு மேல் நிற்கும் வரை பூஞ்சணப் பயம் தீரவில்லை.

ஈரமானி இல்லையா? கழற்றிய பலகையில் ஒன்றைத் தெருமுனைக் கடைக்குக் கொண்டுபோய் டிஜிட்டல் தராசில் நிறுத்து, பலகையிலேயே எழுதிவையுங்கள். மூன்று நாளைக்கு ஒரு முறை அதே பலகையை நிறுங்கள். நிறை இறங்கிக்கொண்டே வந்து, அடுத்தடுத்து மூன்று முறை ஒரே எண்ணில் நின்றால் விடவேண்டியதை விட்டுவிட்டது. தடித்த பலகைக்கு வாரங்கள் போகும், சிலவற்றுக்கு மாதங்களும். கடைக்காரர் ஒரு மாதிரிப் பார்ப்பார், பரவாயில்லை.

திரும்பப் போடுவது

காய்ந்த பிறகு பாதிக் குழிவு தானாகவே மறைந்திருக்கும். மிச்சத்துக்குத்தான் மெஷின்: 60 இலக்க அரத்தாளில் தொடங்கி, 80, 120 என்று போங்கள். ஆணியைச் சுற்றிய கறுப்பு வட்டங்கள் அரத்தாளுக்குப் போகாது, அது இரும்பும் மரச்சாறும் சேர்ந்த கறை. ஒக்சாலிக் அமிலத்தைச் சுடுதண்ணீரில் கரைத்துத் தடவினால் வெளுக்கும். அது நஞ்சு, கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். வெளுத்த பிறகு தண்ணீரால் துடைத்தெடுத்து, திரும்பக் காயவிட்டுத்தான் அடுத்த வேலை, அந்த இடத்தைக் காய்ந்தபடி அரத்தாள் பிடித்தால் தூள் மூக்குக்குள் போகும். பழைய ஆணிகளைத் திரும்ப அடிக்காதீர்கள், கடல் காற்றுள்ள ஊரில் துருப்பிடிக்காத ஸ்டெயின்லெஸ் ஸ்குரூவுக்குக் கொடுக்கும் காசு மிச்சம்தான்.

வார்னிஷோ பொலியுரேதேனோ அடிக்க முன், கழற்றிய பலகைகளின் அடிமுகத்துக்கும் வெட்டு நுனிகளுக்கும் ஒரு பூச்சுக் கொடுங்கள், மரம் தண்ணீரை அதிகம் குடிப்பது நுனியால்தான். ஈரம் தீராத பலகைக்கு மேலே பூச்சு அடித்தால் வெள்ளைப் புகை மாதிரி படலம் கிளம்பும். நனைந்த மரத்தைக் கரையான் தேடி வரும், தீராந்தி சுவருக்குள் போகும் இடங்களில் மருந்து அடித்துவிட்டுத்தான் மூடுங்கள்.

பலகைகளை எப்போது இறுக்கிப் பூட்டுவது என்பதற்கு நான் சொல்வது பங்குனி, சித்திரை. டிசம்பரில் ஈரத்தோடு நெருக்கிப் போட்டால் ஆனி ஆடியில் வறண்ட கச்சான் காற்று வீசும்போது சுருங்கி, பலகைக்குப் பலகை காசு விழும் இடைவெளி விடும். கச்சானில் இறுக்கிப் போட்டால் அடுத்த மாரியில் விரிய இடமில்லாமல் கிளம்பும். எந்த மாதம் போட்டாலும் சுவரோரம் சுற்றிவர 10, 12 மில்லிமீற்றர் விடுங்கள், சட்டத்துக்கு அடியில் அது தெரியாது. அந்தச் சட்டத்தை ஓடாவியார் பலகையோடு சேர்த்து ஆணி அடிக்கப் பார்ப்பார், பக்கத்தில் நின்று சுவரில் அடிக்கச் சொல்லுங்கள்.